என்கிளெக்ஸ் தோல்விக்குப் பின்: 45 நாளில் மறுதேர்வா, ஆறு மாதம் கழித்தா?

மலைச்செவிலி (கோத்தகிரி):
அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வைச் சென்னையில் எழுதினேன்; தேர்ச்சி பெறவில்லை. கணினி 150 கேள்விகளையும் கேட்ட பிறகே நின்றது. செயல்திறன் அறிக்கையில் பெரும்பாலான பகுதிகளுக்கு ‘தேர்ச்சி அளவுக்கு அருகில்’ என்றும், மருந்தியலுக்கு மட்டும் ‘தேர்ச்சி அளவுக்குக் கீழே’ என்றும் குறித்திருக்கிறார்கள். 45 நாள் கழிந்தால் மீண்டும் எழுதலாம் என்பது விதி. வீட்டில் உடனே எழுதச் சொல்கிறார்கள். உடன் பணிபுரியும் மூத்த சிஸ்டர், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் கோயம்புத்தூரில் பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்கிறார். எதைச் செய்வது என்று புரியவில்லை.

குன்னூர் டியூட்டர்:
45 நாள் என்பது தேர்வு நடத்துபவர்கள் விதித்த குறைந்தபட்ச இடைவெளி. அது படிப்பதற்குப் போதுமான காலம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவுக்கு 200 டாலரும், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலரும் கட்ட வேண்டும் என்பதால், மலையில் ஒரு தனியார் மருத்துவமனைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணை ‘போய் எழுதிப் பார்’ என்று அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில், ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் கொண்ட நிகழ்வாய்வுகள் மூன்று இடம்பெறுகின்றன. அறிகுறிகளைக் கவனிப்பதில் தொடங்கி, செய்த சிகிச்சை பலித்ததா என்று மதிப்பிடுவது வரை படிப்படியாகக் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படிப்பவருக்கு ஆறு வாரத்தில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி.

கூடலூரான்:
மேடம் சொல்வதில் கட்டணக் கணக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தேர்வு எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பார்க்காமல் ஆறு மாதம் என்று சொல்லக் கூடாது. நம் விடையைப் பொறுத்தே அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. நாம் சரியாகச் சொல்லவும் தவறாகச் சொல்லவும் ஏறக்குறைய சம வாய்ப்புள்ள கேள்வியையே அது தேடித் தருவதால், தேறியவர்களும் ‘தோற்றுவிட்டோம்’ என்ற எண்ணத்தோடுதான் அறையைவிட்டு வெளியே வருகிறார்கள். குறைந்தது 85 கேள்விகள் முடிந்த பிறகு, நம் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானவுடன் கணினி நின்றுவிடும். அந்த உறுதி கடைசிவரை கிடைக்காதவருக்குத்தான் 150 வரை போகும். 85-இல் நின்று தோற்றவருக்கும் இந்தச் சகோதரிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். இவர் கோட்டின் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் வார்டை விட்டு ஆறு மாதம் விலகியிருந்தால் கையிலுள்ளதையும் இழப்பார்.

எங்கள் பக்கம் கூடலூர், பந்தலூர்ப் பழங்குடி மக்களிடையே, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் இரத்தசோகை இருக்கிறது. வலி முற்றி வரும் பிள்ளைக்கு நீரேற்றம், ஆக்சிஜன், வலிநிவாரணி என்று ஓடியாடிச் செய்தவருக்கு, அந்த நோயைப் பற்றிய கேள்வி வந்தால் புத்தகமே தேவையில்லை. வேலையை விடாதீர்கள், சகோதரி.

குன்னூர் டியூட்டர்:
தம்பி, கோட்டின் பக்கத்தில் இருந்தார் என்பதையே நான் அச்சத்தோடு பார்க்கிறேன். பல பகுதிகளில் ‘அருகில்’ என்றால், எதிலும் உறுதியாகக் கால் ஊன்றவில்லை என்று பொருள். வார்டு அனுபவம் உதவும் என்கிறீர்கள். அதுவே சில நேரம் தடையாகவும் இருப்பதை என் மாணவியரிடம் பார்க்கிறேன். நான் அடிக்கடி கொடுக்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். முழங்கால் அறுவைக்குப் பின் பத்துக்கு எட்டு வலி என்று அழைப்பவர், சர்க்கரை 180 உள்ளவர், நேற்றுத் தைராய்டு அறுவை முடிந்து வாயைச் சுற்றி மரத்துப்போவதாகச் சொல்பவர், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவர் ஆகிய நால்வரில் முதலில் யாரிடம் போவீர்கள்? நம் வார்டில் அதிகம் கூப்பிடுபவரிடமும், கூடவே வந்து நிற்கும் உறவினரிடமும்தான் கால் தானாகப் போகும். ஆனால் மூன்றாமவருக்குக் கால்சியம் குறைந்து குரல்வளை இறுகிவிடக்கூடும் என்பதால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ‘டாக்டரைக் கூப்பிடுவேன்’ என்பதே பலருடைய முதல் விடை. செவிலியர் தாமாகச் செய்ய வேண்டியது இருக்கும்போது அது தவறான விடை. பல ஆண்டுகளாக ஊறிய வழக்கத்தை மாற்றக் காலம் வேண்டும். மேலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, செவிலியர் வேலையின் பேரில் அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்கும் இ.பி.-3 பிரிவில் விசா வரிசை பத்தாண்டுக்கு மேல் நீண்டு கிடக்கையில், சில மாதம் தாமதித்தால் என்ன குறைந்துவிடும்?

கூடலூரான்:
அந்த வரிசையைச் சொன்னது நல்லதாயிற்று, மேடம். அதில் நம் இடம் வேலை தருபவரின் மனு தாக்கலாகும் நாளிலிருந்துதான் கணக்காகிறது. அந்த மனுவுக்கு என்கிளெக்ஸ் தேர்ச்சியோ, வெளிநாட்டில் படித்த செவிலியரின் தகுதியைச் சரிபார்க்கும் சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பின் சான்றிதழோ, பணிபுரியப் போகும் மாநிலத்தின் உரிமமோ வேண்டும். தேர்ச்சி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் இவருக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். வரிசை நீளமாக இருப்பதுதான் விரைந்து போய் நிற்பதற்குக் காரணம்.

மருந்தியலுக்கு ஆறு மாத வகுப்புத் தேவையில்லை. 2023 பாடத்திட்டப்படி அது 13 முதல் 19 விழுக்காடு. நாம் பாராசிட்டமால் என்பதை அவர்கள் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். சால்புட்டமால் அங்கே ஆல்புட்டரால். முதலில் இந்தப் பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு தனித்தனி மருந்தாக அல்லாமல் வகை வகையாகப் படியுங்கள். இதய மருந்தான டிஜாக்ஸின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது போல, ஒவ்வொரு வகைக்கும் ‘கொடுப்பதற்கு முன் எதைப் பார்ப்பது’ என்பதைப் பணிக்கு நடுவிலேயே படிக்கலாம். ‘பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடு’ என்ற வகைக் கேள்வியில் இப்போது சரிக்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறுக்கு ஒன்று குறையும். ஐயமுள்ளதையெல்லாம் தொட்டுவைப்பவர் அங்கே கிடைத்ததையும் தொலைப்பார்.

மலைச்செவிலி (கோத்தகிரி):
மேடம், அண்ணா, இருவருக்கும் நன்றி. வேலையை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தைராய்டு கேள்விக்கு நானும் வலி என்றவரிடம்தான் மனத்தளவில் ஓடினேன் என்பதால், மேடம் சொன்ன பயிற்சியையும் தள்ள முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தேதி எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

குன்னூர் டியூட்டர்:
இரண்டு மாதம் குறைவு என்பதே இப்போதும் என் கருத்து. ஆயினும் எழுதுவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில் தேதி எடுக்காதீர்கள். அந்த மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் இறங்குவதே பெரும்பாடாகிவிடும். தேர்வுக்கு 24 மணி நேரத்துக்குள் தேதியை மாற்ற முயன்றால் கட்டணம் போய்விடும். நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை சென்னையில் இறங்கி, அப்படியே ஐந்து மணி நேரத் தேர்வில் உட்காராமல், முந்தின நாளே போய்த் தங்குங்கள். வாரத்தில் இரண்டு மாலை குன்னூருக்கு வர முடிந்தால் நிகழ்வாய்வுகளை நானே உடனிருந்து செய்ய வைக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் இரவுப் பணியிலிருந்து விலக்கு வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டிடம் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிய பிறகே 350 டாலரைக் கட்டுங்கள்.