பேஸ்மென்ட் தண்ணீர்: ஒரே மூச்சில் இறைப்பதா, விட்டு விட்டு இறைப்பதா?

மழைக்காலம்:
புயல் மழை ஓய்ந்ததும் பேஸ்மென்டில் நெஞ்சளவு தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கிடைக்கிற மோட்டாரையெல்லாம் இறக்கி ஒரே நாளில் காலி செய்யச் சொல்கிறார்கள் சிலர். வேறு சிலர், அவசரப்பட்டால் சுவர் உள்ளே சாயும், ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறைக்காதே என்கிறார்கள். 100 சதுர மீட்டர் தளம், 1.5 மீட்டர் தண்ணீர், நான்கு பக்கமும் மண் அணைத்த 2 மீட்டர் சுவர். இதையே உதாரணமாக வைத்துப் பேசலாம். "கவனமாகச் செய்யுங்கள்" ரகப் பதில்கள் வேண்டாம்.

மோட்டார்_ரூம்:
உடனே இறைக்கணும், சார். மொத்தம் 1,50,000 லிட்டர். நிமிடத்துக்கு 250 லிட்டர் தள்ளுகிற மோட்டார் ஒன்று போட்டால் 10 மணி நேரம், இரண்டு போட்டால் 5. நனைந்த பலகையிலும் ஜிப்சம் போர்டிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் கிளம்பிவிடும். ஓரடி ஓரடியாக இறைத்தால் ஐந்து நாள். அதற்குள் கதவுச் சட்டம் உப்பி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

மோட்டார் விஷயத்தில் ஒன்று. கிணற்றுக்குப் போடுகிற சப்மெர்சிபிளை இதில் இறக்காதீர்கள். அது தெளிந்த நீருக்கானது, வண்டல் போனால் இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறி) தேய்ந்து சிக்கிக்கொள்ளும். 25 மி.மீ. கட்டியை விழுங்கக்கூடிய கழிவுநீர் மோட்டார்தான் சரி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் உட்கார வைத்தால் பாலித்தீன் பை வந்து வாயை அடைக்காது. பெட்டிமேல் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு ஏற்றமே இல்லாத நிலைக்கு. 4 மீட்டர் மேலே ஏற்றி, ஹோஸ் இரண்டு இடத்தில் மடங்கிக் கிடந்தால் அதில் பாதி வந்தாலே பெரிசு. நான் சொன்ன 250 அந்தக் கழிவெல்லாம் போக.

தூக்குக்குண்டு:
உள்ளே நிற்கிற தண்ணீரைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். ஆபத்து சுவருக்கு வெளியே மண்ணுக்குள் நிற்கிற தண்ணீரில் இருக்கிறது. மண் தரைமட்டம் வரை ஊறியிருந்தால், 2 மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் வெளியிலிருந்து தண்ணீர் மட்டுமே தள்ளுகிற விசை ஏறத்தாழ 2 டன். மண்ணின் தள்ளுதல் அதற்கு மேல். உள்ளே 1.5 மீட்டர் தண்ணீர் நிற்கும்போது அது 1.1 டன்னை எதிர்த்துத் தாங்குகிறது. நீங்கள் ஐந்து மணி நேரத்தில் அந்த முட்டுக்கொடுப்பை உருவிவிடுகிறீர்கள். வெளி மண்ணோ ஐந்து மணி நேரத்தில் வடியாது.

கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் தாங்கலாம். செங்கல் சுவருக்கு இழுவிசை தாங்கும் திறன் ஏறத்தாழ இல்லை. பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே படுக்கை விரிசல் விழும், அங்கிருந்து உள்பக்கம் வயிறு தள்ளும். அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபெமா சொல்வதும் இதனால்தான்: ஓர் அடி இறைத்து, மட்டத்தைக் குறித்துவிட்டு, ஓர் இரவு காத்திரு. குறிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

ஃபேஸ்_நியூட்ரல்:
உங்கள் சண்டைக்கு நடுவில் குறுக்கிடுகிறேன். மோட்டார் இறங்குவதற்கு முன்னால் மின்சாரம் போயாக வேண்டும். பிளக் பாயின்டையோ போர்டையோ தண்ணீர் தொட்டிருந்தால் யாரும் படியில் இறங்கக் கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. மின்வாரியத்தை அழைத்து வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். மெயின் போனாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். சோலார் இருந்தால், வெயில் இருக்கும் வரை பேனலிலிருந்து இறங்குகிற கேபிளில் டிசி ஓடிக்கொண்டேதான் இருக்கும், இன்வெர்ட்டரை அணைத்தாலும் நிற்காது.

மோட்டாருக்கான கரன்ட் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும். டேப் சுற்றிய ஜாயின்ட் தண்ணீரில் கிடக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது ஆள் தண்ணீரில் நிற்கக் கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றால் தூக்குங்கள், கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஜெனரேட்டரும் ஆயில் இன்ஜின் பம்பும் பேஸ்மென்டுக்குள்ளும் கூடாது, வண்டி இறங்குகிற சரிவிலும் கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில்தான் தேங்கும். வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தட்டாமல் வெளியேறுங்கள். முங்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மோட்டார்_ரூம்:
ஃபேஸ்_நியூட்ரல் சொன்னதில் மறுப்பில்லை. தூக்குக்குண்டு சாருக்கு வருகிறேன். எல்லா பேஸ்மென்டிலும் மண் ஊறித்தான் தண்ணீர் வந்தது என்று யார் சொன்னது? பாதி இடங்களில் தெருவெள்ளம் சரிவு வழியாக ஒரு மணி நேரத்தில் கொட்டி நிரப்பியிருக்கும். வெளி மண்ணில் இரண்டு விரற்கடைதான் நனைந்திருக்கும். அங்கேயும் ஐந்து நாள் காத்திருக்கணுமா?

ஊறிய மண்ணாகவே இருக்கட்டும். ராத்திரி 8 மணி நேரத்தில் மட்டம் 4 செ.மீ. ஏறுகிறது என்றால் 4,000 லிட்டர், அதாவது மணிக்கு 500 லிட்டர். என் மோட்டார் அதை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடும். ஊற்றை மோட்டார் ஜெயிக்கிறதே, அப்புறம் எதற்குக் காத்திருப்பது?

தூக்குக்குண்டு:
ஊற்றோடு போட்டி போடுவதற்காக மட்டத்தைக் குறிக்கவில்லை, நண்பரே. அந்தக் குறி ஒரு அழுத்தமானி. 4 செ.மீ. ஏறினால் வெளிநீர் உள்நீரைவிட உயரத்தில் நின்று அழுத்துகிறது என்று பொருள். மோட்டாரால் ஊற்றை வெல்லலாம், அழுத்தத்தைக் குறைக்க முடியாது. சொல்லப்போனால், உள்ளே குறையக் குறைய வித்தியாசம் கூடும்.

சுவர் தாங்கினாலும் தரை தாங்குமா பாருங்கள். 15 செ.மீ. கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு சுமார் 360 கிலோ. வெளி நீர்மட்டம் அந்தத் தரையின் அடிப்பக்கத்தைவிட 36 செ.மீ. உயரத்தில் இருந்தாலே கீழிருந்து தூக்குகிற விசை அந்த எடைக்குச் சமம். சுவரோடு கம்பி பிணைத்த ராஃப்டாக, அதாவது கட்டடம் முழுக்க ஒரே பலகையாக வார்த்த அஸ்திவாரமாக, இருந்தால் பிழைக்கும். மண்மேல் சும்மா போட்ட தரை, நடுவில் அப்பளம் மாதிரி உப்பி வெடிக்கும்.

சுவரும் தரையும் சேருகிற மூலையில் வரும் ஊற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்து வந்தால் கவலை குறைவு. கலங்கி வந்து, வாயைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் வட்டம் கட்டினால், தரைக்கு அடியிலிருக்கும் மண் அரித்துக்கொண்டு வருகிறது. அந்த நிமிடமே மோட்டாரை நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் தரைக்குக் கீழே பொந்து விழும், ஆறு மாதம் கழித்துத் தூண் பக்கம் இறங்கும். சம்ப், செப்டிக் டேங்க் இரண்டையும் இந்த நேரத்தில் காலி செய்ய வேண்டாம். ஊறிய மண்ணில் காலித் தொட்டி படகு மாதிரி மிதந்து எழும்பி, குழாய் இணைப்புகளை முறிக்கும்.

தெருவெள்ளம் மட்டும் நிரப்பிய இடத்தில் காத்திருக்க வேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரோரம் வாரக்கணக்கில் மழை குடித்த மண் இருக்கும் இடத்தில் "தெரு வழியாகத்தான் வந்தது" என்று எப்படி நிச்சயமாகச் சொல்வீர்கள்?

மோட்டார்_ரூம்:
அப்படியானால் உங்கள் குறி வைத்தியத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. களிமண்ணில் தண்ணீர் நகராது. வாட்டர்புரூஃப் பூசிய சுவரில் கசியாது. இரண்டும் சேர்ந்தால் ராத்திரி முழுக்கக் குறி ஒரு மயிரிழைகூட ஏறாது, வெளியே அழுத்தம் முழுசா நிற்கும். உங்கள் கணக்குப்படி "ஏறவில்லை, இறை" என்றுதானே வரும்? மெதுவாக இறைத்தே சுவரைத் தள்ளிவிடுவீர்கள்.

தூக்குக்குண்டு:
சரியான பிடி. கசிகிற சுவருக்குத்தான் அந்தக் குறி பேசும். கசியாத சுவருக்கு வெளியே பார்த்தாக வேண்டும். அதிலும் களிமண் நிலத்தில், அஸ்திவாரம் தோண்டி மீண்டும் நிரப்பிய சுவரோரப் பள்ளம் மட்டும் தொட்டி மாதிரி தண்ணீர் பிடித்து வைத்திருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள், கேபிளும் பைப்பும் இல்லாத இடமாகப் பார்த்துக் கை ஆகர் (கையால் திருகும் மண் துளைப்பான்) கொண்டு 2 மீட்டர் ஆழத்துக்குத் துளை. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட 50 மி.மீ. பிவிசி பைப்பை அதில் நிறுத்துங்கள். நூலில் நட்டு கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை செ.மீ. ஆழத்தில் என்று அளந்து எழுதுங்கள். மணலில் அரை மணியில் மட்டம் தெரிந்துவிடும், களிமண்ணில் ஓர் இரவு ஆகலாம். வெளி மட்டம் உள் மட்டத்தைவிட 20 செ.மீ.க்கு மேல் உயராதபடி இறைத்துக்கொண்டு போங்கள். பைப்பில் கடைசி வரை தண்ணீரே இல்லையென்றால், நண்பர் சொன்னபடி இரண்டு மோட்டார் போட்டு ஐந்து மணி நேரத்தில் முடிக்கலாம்.

மோட்டார்_ரூம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை வாதம் தேவைப்பட்டிருக்காது. 20 செ.மீ. இறக்குவது இந்தத் தளத்தில் 20,000 லிட்டர், ஒரு மோட்டாருக்கு 80 நிமிட வேலை. மீதி நேரத்துக்கு மோட்டாரைத் தூக்கி வைத்துக் கூடையைக் கழுவலாம். ஹோஸின் வாயைச் சுவரோரம் விடாதீர்கள், அதே தண்ணீர் அதே மண் வழியாகத் திரும்பி வரும். சரிவு எந்தப் பக்கமோ அங்கே கொண்டுபோய் விடணும். நிரம்பி வழிகிற சாக்கடை மேன்ஹோலில் விட்டால் தரை டிரெயின் வழியாகவே மேலே கொப்பளிக்கும். அந்த டிரெயினில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் இல்லையென்றால் முதலில் அடைப்பான் போட்டு அடையுங்கள். கடைசி 5 செ.மீ. மோட்டாருக்குச் சிக்காது, காற்றை இழுத்துச் சூடாகும். அதை வைப்பரும் தண்ணீர் உறிஞ்சும் வெட் வேக்குவமும் வாரட்டும்.

துடைப்பம்:
விட்டு விட்டு இறைப்பதில் யாரும் சொல்லாத லாபம் ஒன்று உண்டு. ஒவ்வோர் அடி இறங்கும்போதும் வெளியே தெரிகிற சுவர்ப் பட்டையை, மோட்டார் நின்றிருக்கும் நேரத்தில் படியில் நின்றே ஹோஸால் கழுவிவிடலாம். வண்டல் ஈரமாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்தபின் கரண்டியால் சுரண்ட வேண்டும், சுரண்டினால் தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும். பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் சின்னக் கீறல் வழியாகவே வரும்.

மோட்டார்_ரூம்:
கழுவுவதற்கு முன்னால் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டால் கிருமியும் சாகும், நாற்றமும் போகும்.

துடைப்பம்:
தூவினால் நாற்றம் மாறும், கிருமி சாகாது. சேற்றில் இருக்கும் மக்கு குளோரினைத் தின்றுவிடும், சுவருக்குப் போய்ச்சேர ஒன்றும் மிஞ்சாது. வரிசை இதுதான்: சேற்றை வாரு, சோப்புத் தண்ணீரில் தேய், அலசு, அப்புறம் குளோரின். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிற அளவு, 3.8 லிட்டர் தண்ணீருக்கு வீட்டு உபயோக பிளீச் திரவம் ஒரு கப்புக்கு, அதாவது 240 மி.லி.க்கு, மிகாமல். அதுவும் டைல்ஸ், கான்கிரீட் மாதிரி கெட்டிப் பரப்புக்கு. ஜிப்சம் போர்டை பிளீச் காப்பாற்றாது. தண்ணீர்க் கோட்டுக்கு மேல் 30 செ.மீ. விட்டு வெட்டி எறியுங்கள், ஈரம் திரி மாதிரி மேலே ஏறியிருக்கும். பிளீச்சோடு ஆசிட் வகைக் கழிப்பறை கிளீனரைச் சேர்க்கவே கூடாது. கிளம்புகிற குளோரின் வாயு கனமானது, பேஸ்மென்டை விட்டுப் போகாது.

மழைக்காலம்:
காய வைப்பது? ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் போதாதா?

துடைப்பம்:
வானிலையைப் பொறுத்தது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 27 டிகிரி. பேஸ்மென்ட் சுவர் 26 டிகிரியில் இருந்தால், ஜன்னலைத் திறப்பது சுவரில் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம், ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பது போல. அப்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஓட்டுங்கள், ஃபேன் உள்காற்றைச் சுவர்மேல் சுழற்றட்டும். வறண்ட காற்று அடிக்கிற நாளில் தாராளமாகத் திறக்கலாம்.

மோட்டார்_ரூம்:
சுவர் பார்க்க வெள்ளையாகக் காய்ந்துவிட்டால் பெயின்ட் அடிக்கலாம்தானே? எத்தனை நாள் இடத்தைச் சும்மா போட்டு வைப்பது?

தூக்குக்குண்டு:
மேல்தோல் காய்வது ஒரு வாரத்தில் நடக்கும். உள்ளே காய்வதற்குக் கான்கிரீட்டில் 25 மி.மீ.க்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அவசரப்பட்டு ஈரத்தை பெயின்டுக்குள் அடைத்தால் கொப்புளம் கொப்புளமாக உரியும். 45 செ.மீ. சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரம் விடுங்கள். உரிக்கும்போது அடியில் துளி பூத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஆகவில்லை.

மோட்டார்_ரூம்:
ஷீட் சோதனைக்குச் சரி. ஆனால் அதை நடுக்கூடத்தில் ஒட்டிப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். சுவர் மூலையில் ஒன்று, டிரெயின் பக்கம் ஒன்று, தூணடியில் ஒன்று ஒட்டுங்கள். நடுவில் காய்ந்து மூலையில் ஈரம் நின்றால், வெளியே நட்ட அந்த பிவிசி பைப்பில் நூலை இன்னொரு தடவை இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.