பழைய வழக்கு இருந்தால் போதுமாம்!

வழக்காடி: “கஞ்சா வழக்கில் ஏற்கெனவே தண்டனை பெற்றவன் என்றால் அதுவே சாட்சி, 54-ஆம் பிரிவைப் படியுங்கள்” என்று நேற்று காவிரிக்கரையான் அருளியிருக்கிறார். படித்தேன். சாட்சியச் சட்டத்தின் 54 நேர் எதிராகச் சொல்கிறது: எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், தன்னை நல்லவன் என்று சாட்சி வைத்தாலொழிய அவனுடைய கெட்ட நடத்தையைப் பேசவே கூடாது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 49. எந்த 54, ஐயா?

காவிரிக்கரையான்: போதைப்பொருள் சட்டத்தின் 54. சரக்கு கையில் இருந்தால் குற்றம் செய்ததாகவே அனுமானம். அரைகுறையாகப் படித்துவிட்டுக் குதிப்பது உங்களுக்குப் புதிதா?

வழக்காடி: சரக்கு கையில் இருந்தால்! பழைய வழக்கு அதில் எங்கே வருகிறது?

காவிரிக்கரையான்: முந்தைய தண்டனை இருந்தால் உச்சத் தண்டனை ஒன்றரை மடங்கு என்கிறதே அதே சட்டத்தின் 31, அது சும்மாவா?

வழக்காடி: அது குற்றவாளி என்று தீர்த்த பிறகு. அதற்கு முன் முந்தைய தண்டனையை அரசுத் தரப்பு வாயெடுத்துச் சொல்லவும் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 236 பூட்டுப் போட்டிருக்கிறது. அது கிடக்கட்டும், 54-இல் எங்கே?

செண்பகம்: இருவரும் சாட்சியச் சட்டத்தின் 14-ஐ (புதியதில் 12) விட்டுவிட்டீர்கள். பையில் இருந்தது என்னவென்றே தெரியாது என்று எதிரி சாதிக்கும்போது, அறிந்தே வைத்திருந்தான் என்று காட்ட முந்தைய செயல் பொருந்தலாம்.

வழக்காடி: அதற்குத்தான் போதைப்பொருள் சட்டத்தில் 35 இருக்கிறதே, அம்மா. தெரியாது என்று மெய்ப்பிக்கும் சுமையே எதிரியின் தலையில். பிறகு அவன் ஜாதகம் எதற்கு?

செண்பகம்: பதில் இல்லாத இடத்தில்தான் உங்களுக்கு ‘அம்மா’ வருகிறது. 35 இருப்பதால் 14 செத்துவிடாது.

புதியவன்: குண்டர் சட்டத்தில் பழைய வழக்குகளை அடுக்கித்தானே உள்ளே வைக்கிறார்கள்?

வழக்காடி: அது 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம், தம்பி. அங்கே குற்ற விசாரணையே கிடையாது.

காவிரிக்கரையான்: 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டவனுக்கு ஜாமீன் தர, வெளியே போனால் மறுபடி செய்வானா என்று போதைப்பொருள் சட்டத்தின் 37-இன்படி நீதிபதி பார்க்கிறார். எதை வைத்து? முகராசியை வைத்தா?

வழக்காடி: ஜாமீன் வேறு, விசாரணை வேறு. 54-இல் எங்கே?

காவிரிக்கரையான்: இரண்டாம் விளக்கத்தில்! முந்தைய தண்டனை கெட்ட நடத்தைக்குச் சாட்சி என்று அச்சிலேயே இருக்கிறது.

வழக்காடி: ஆக, இப்போது சாட்சியச் சட்டத்தின் 54-க்குத் தாவிவிட்டீர்கள். எதிரி நல்லவன் வேடம் போட்ட பிறகுதான் அந்த விளக்கத்துக்கே வேலை. பிரிவைப் படிக்காமல் விளக்கத்தை மட்டும் படிப்பவரிடம் என்னத்தைப் பேச!

காவிரிக்கரையான்: பேசாதீர்களேன். யார் அழைத்தார்கள்?

செண்பகம்: 14-க்கு இன்னும் பதில் வரவில்லை.