ஆன்லைன் வயலின் வகுப்பில் நிலையான வருமானம் வருமா?

கேள்வி:
ஒரு வருடமாக ஆன்லைனில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். 11 மாணவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வகுப்புக்கு வகுப்பு பணம் வாங்குவதால் பரீட்சை, விடுமுறை என்று வந்தால் அந்த மாதம் பாதி வருமானம்கூடத் தேறுவதில்லை. இதை முழுநேர வேலையாக நம்பலாமா?

பதில் 1:
நம்பலாம். முதலில் மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் மட்டும்தான் மாற்று வகுப்பு என்று சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, ஆனால் அதற்காக விலகிய பெற்றோர் ஒருவர்கூட இல்லை.

பதில் 2:
ஒலியையும் கவனியுங்கள், மாணவர்கள் நிலைப்பது அதில்தான். ஜூம் சாதாரண அமைப்பில் நீண்ட வில் இழுப்பை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும், ஸ்வரம் பாதியில் காணாமல் போகும். 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை இரண்டு பக்கமும் போட்ட பிறகுதான் என் மாணவியின் வில் நுனியில் நடுங்குவதே எனக்குக் கேட்டது. அப்புறம், ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது. நீங்கள் வாசித்த பதிவை அனுப்பி அதோடு வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
குழு வகுப்பு எடுக்கலாமா?

பதில் 1:
ஆரம்பநிலைக்கு நால்வர் வரை சரி. எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு வாசிக்கட்டும், ஒருவர் ஒருவராகத் திறந்து கேளுங்கள். விரல் இடம் பிசகுவதைத் திருத்தத் தனி வகுப்புதான் வேண்டும்.