கல்யாணப் பத்திரிகை வேலைக்கு லினக்ஸ் சரிப்படுமா?

பத்திரிகைக்காரி:
வணக்கம். பதினோரு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. கணினி நான்காம் தலைமுறை ஐ5, ராம் 8 ஜிபி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். ஆவணிக்கு முன்னால் புதுப்பெட்டி வாங்க வழியில்லை. தம்பி விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறான். என் கவலையெல்லாம் விண்டோஸில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்த பழைய கோப்புகள்தான். நாலாயிரத்துக்குக் குறையாது, அத்தனையும் பாமினி எழுத்து, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. மூத்தவளுக்கு அடித்தவர்கள் இளையவளுக்கும் "அதே மாடல்" கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்ல முடியாது.

சுடச்சுட:
இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் போடுங்கள், கோரல் கோப்பு திறக்கும். எல்லாம் இலவசம். முடிந்தது கதை.

பிளேட்காரர்:
மேலே சொன்னவர் ஆப்செட் அச்சுக்குப் பிளேட் (அச்சுத் தகடு) போட்டிருக்க மாட்டார்.

திறக்கும் என்பது உண்மைதான். பாமினி எழுத்துருவை லினக்ஸில் நிறுவாமல் திறந்தால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கும். நிறுவிவிட்டால் சரியாகும். நிழல், ஒளிபுகும் வேலைப்பாடுகள் பல அப்படியே வராது. அதனால் விண்டோஸ் இருக்கும்போதே முக்கியமான மாடல்களைத் திறந்து, எழுத்தைக் கர்வ் செய்து (வெறும் கோட்டு வடிவமாக மாற்றி), பிடிஎப் ஆக்கி வையுங்கள். எழுத்தைத் திருத்தக்கூடிய பிரதி தனியாக இருக்கட்டும்.

பெரிய வில்லங்கம் கறுப்பு. இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிறமுறையில் வேலை செய்வது. அதன் பிடிஎப்பை அப்படியே பிளேட்டுக்குக் கொடுத்தால், கறுப்பு எழுத்து பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நிறத்துக்கொன்றான நான்கு பிளேட்டிலும் விழும். ரெஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை தப்பினாலும் "நாளது தேதி" வரியில் ஓரமெல்லாம் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். சுழி நிறைந்த நம் எழுத்து எட்டு பாயின்டில் இதைத் தாங்காது.

ஆகவே படத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜி கோப்பாக, ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுவாருங்கள். அங்கே நிறங்கள் பட்டியலில் அந்தக் கறுப்பை எடுத்து மற்ற மூன்றும் 0, கறுப்பு மட்டும் 100 என்று மாற்றுங்கள். அச்சு முன்னோட்டத்தில் ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பார்க்கலாம். கறுப்பு பிளேட்டை அணைத்ததும் எழுத்து முழுக்க மறைந்தால் சரி. பழைய 1.4 வேண்டாம், அதில் யூனிகோட் தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும். 2024இல் வந்த 1.6 போடுங்கள்.

பத்திரிகைக்காரி:
அண்ணா, கறுப்பு விஷயம் யாருமே சொன்னதில்லை. போட்டோஷாப்புக்கு என்ன செய்வது? மாப்பிள்ளை பெண் படத்தில் பின்னணி வெட்டுவதுதான் பாதி வேலை.

வைன்பிரியன்:
அடோபி லினக்ஸுக்குப் போட்டோஷாப் தருவதில்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகச் சில பழைய பதிப்புகளை ஓட்டுகிறார்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும், கடை வேலைக்கு அதை நம்ப வேண்டாம். பின்னணி வெட்ட ஜிம்ப் 3 என்ற இலவசப் படத்திருத்தி போதும். கோரலுக்கு, கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் வர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் பழைய விண்டோஸையே உரிமத்தோடு, இணையம் துண்டித்து வையுங்கள். 8 ஜிபியில் பாதியை அதற்குக் கொடுத்தால் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். ஒரு கூடுதல் செய்தி: 2000இல் கோரல் நிறுவனமே வைனைக் கொண்டு கோரல்டிரா 9ஐ லினக்ஸுக்கு விற்றது. நிலைக்கவில்லை.

பத்திரிகைக்காரி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முழுக்க மாறவில்லை. பழைய மாடல் கேட்டால் வர்ச்சுவல்பாக்ஸ், புது மாடல் எல்லாம் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ். அதற்கு யூனிகோடில் மீரா இனிமை, கேட்டமரான் எழுத்துருக்களை எடுத்துக்கொண்டேன். பாமினியில் ஓடிய விரல் தமிழ்99 விசைப்பலகையில் இன்னும் தடுமாறுகிறது. நேற்று முதல் பத்திரிகை பிளேட்டுக்குப் போனது, ஐந்நூறு பிரதி. எழுத்து கன்னங்கரேலென்று ஒரே பிளேட்டில் உட்கார்ந்தது. பிள்ளையார் சுழி மட்டும் நான்கு நிறத்தில் விழுந்திருக்கிறது, அதை மாற்ற மறந்துவிட்டேன் அண்ணா.