ரெக்கார்டிங் ஃபோல்டர் நிரம்பிடுச்சு, எந்த வேவ் (ஒலிப்பதிவு) ஃபைலை அழிக்கலாம்?

கெடிலக்கரை: டிஸ்க் சிவப்பு காட்டுது. பாடலீஸ்வரர் கோயில் தேவாரப் பதிவு எல்லாம் ஒரே ஃபோல்டர்ல கிடக்கு, நூத்துக்கணக்கா வேவ். எது வேணும், எது மிச்சம்னு பிரிக்க முடியல. நாளைக்கு மறுபடி பதிவு, அவசரம்.

லாஸ்பேட்டை_பேஸ்: எந்த சாஃப்ட்வேர்? எத்தனை ப்ராஜெக்ட்?

ஓடி_ஒலி: ஆடாசிட்டியா? 3.0-லேர்ந்து எல்லாம் ஒரே ஏயூபி3 ஃபைல்தான். அன்டூ வரலாறும் அதுக்குள்ள இருக்கும், ப்ராஜெக்டை மூடினா சுருங்கும். பக்கத்துல '-wal'னு முடியுற ஃபைல் இருந்தா தொடாதீங்க. சேமிக்காத ஒலி அதுல இருக்கலாம்.

லாஸ்பேட்டை_பேஸ்: தனித்தனி வேவ்னு சொல்றாரே, ஆடாசிட்டி இல்ல.

கெடிலக்கரை: ரீப்பர். விண்டோஸ்.

சாவடி_மைக்: ஃபைல் மெனுவுல 'கிளீன் கரண்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி' இருக்கே, ஒரே நிமிஷ வேலை.

முத்தியால்பேட்டை_ஸ்டூடியோ: சாவடி, பாதி தெரிஞ்சு பதில் போடாதீங்க. அது திறந்திருக்கிற ஒரு ப்ராஜெக்டை மட்டும்தான் பார்க்கும். எல்லாம் ஒரே ஃபோல்டர்ல இருந்தா, மத்த ப்ராஜெக்டோட வேவ் அத்தனையும் 'பயன்படாதது'ன்னு பட்டியல்ல வரும். ஓகே கொடுத்தா பதிவு போச்சு.

கெடிலக்கரை, முறை இதுதான். ஒவ்வொரு ப்ராஜெக்டையும் திறந்து 'சேவ் ஆஸ்'. கீழே சப்டைரக்டரி உருவாக்குற டிக், மீடியாவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு காப்பி பண்ற டிக் ரெண்டும் போடுங்க. இடம் இல்லாததால வெளி டிஸ்குக்கே சேமிங்க. ப்ராஜெக்ட்ல இருக்கிறது மட்டும்தான் போகும், மிச்சம் பழைய இடத்துலயே நின்னுடும். அப்புறம் பழைய ஃபோல்டர் பேரை மாத்திட்டு புது ப்ராஜெக்டுகளைத் திறந்து பாருங்க. ஃபைல் காணோம்னு கேக்கலன்னாதான் பழசை அழிக்கணும். வேண்டாத டேக்குகளும் (ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் பதிவு பண்ணது) 'பயன்படுது'ன்னுதான் கணக்கு. 'க்ராப் டு ஆக்டிவ் டேக்' கொடுத்தாதான் விலகும்.

ஓடி_ஒலி: ரீபீக்ஸ் ஃபைல்களை இப்பவே அழிக்கலாம், அலை வரையுறதுக்கு மட்டும்தான், திரும்ப உருவாகும். ஆனா இடம் பெருசா கிடைக்காது. க்ளூ பண்ணிருந்தா (துண்டுகளை ஒட்டி புது ஃபைலா ஆக்குறது) பழைய வேவ் அப்படியே தங்கும், எடை அங்கதான்.

சாவடி_மைக்: எந்த ஃபார்மட்ல பதிவு?

கெடிலக்கரை: 96 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட், 8 டிராக்.

சாவடி_மைக்: அதான் விஷயம்! டிராக்குக்கு நிமிஷம் 23 எம்பி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்னா 8.6 எம்பிதான். 8 டிராக் ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிபி எங்க, 4.1 ஜிபி எங்க.

ஓடி_ஒலி: கோயில்ல திடீர்னு மணி அடிக்கும். ஃப்ளோட் இருந்தா அளவு மீறி உடைஞ்ச சத்தத்தைப் பின்னாடி இறக்கிக்கலாம்.

லாஸ்பேட்டை_பேஸ்: இல்ல ஓடி. மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸ் 24 பிட்னா, மணிச்சத்தம் அதோட ப்ரீஆம்ப்லயோ (மைக் சத்தத்தைக் கூட்டுறது) கன்வர்ட்டர்லயோ (டிஜிட்டலா மாத்துறது) உடையும். உடைஞ்சதைத்தான் ஃப்ளோட் ஃபைல்ல எழுதும். கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டுற அளவு) குறைச்சு உச்சம் மைனஸ் 12 டெசிபல்ல நிறுத்துறதுதான் வழி.

ஓடி_ஒலி: ஃப்ளோட் கன்வர்ட்டர் இருக்கிற ரெக்கார்டர்கள் இருக்கே.

லாஸ்பேட்டை_பேஸ்: இருக்கு. அவர்கிட்ட அதுவான்னு இன்னும் சொல்லல.

கெடிலக்கரை: பேர் மாத்தினதும் ஒரு ப்ராஜெக்ட் மட்டும் ஃபைல் கேட்டுச்சு, மறுபடி காப்பி பண்ணிட்டேன். இப்ப எல்லாம் ஓடுது. நன்றி.

முத்தியால்பேட்டை_ஸ்டூடியோ: ஆர்பிபி-பேக் ஃபைல்கள் (ப்ராஜெக்டோட பழைய பேக்கப்) பழைய வேவைத்தான் கேக்கும். அழிக்கிறதுக்கு முன்னாடி அதுல ஒண்ணு திறந்து பாருங்க. இன்டர்ஃபேஸ் என்ன மாடல்?