‘கம்’முக்கு ‘ஹோம்’ ரைமா? மூன்றாம் வகுப்பு வொர்க்‌ஷீட் பற்றி ஒரு விவாதம்

வாசு_ஆசிரியர்:
ரைமிங் வேர்ட்ஸ் வொர்க்‌ஷீட் ஒன்று ஆசிரியர் குழுக்களில் சுற்றுகிறது. சொற்களைக் கடைசி எழுத்துகளை வைத்துக் கட்டம் பிரித்திருக்கிறார்கள். ஓ-எம்-இ கட்டத்தில் கம், சம், ஹோம், டோம். ஓ-என்-இ கட்டத்தில் போன் (எலும்பு), டன் (முடிந்தது), கான் (போய்விட்டது). டபுள்-ஓ-டி கட்டத்தில் ஃபூட், குட், பிளட். “இதெல்லாம் ரைமே இல்லை” என்று சிலர் குதிக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரே மாதிரி முடியும் சொற்களை ஒன்றாகக் காட்டுவதில் என்ன குற்றம்?

காது_செல்வம்:
காட்டுவதில் குற்றமில்லை சார், அதற்கு ரைம் என்று பெயர் வைப்பதில்தான் குற்றம். ரைம் காதுக்கானது. சொல்லில் அழுத்தம் விழும் கடைசி உயிரொலியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து சொல்லின் முடிவுவரை ஒலி அப்படியே ஒத்துவர வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

‘நேஷன்’, ‘ஸ்டேஷன்’ தேறும். ‘நேஷன்’, ‘மோஷன்’ தேறாது. ‘ஷன்’ ஒத்தாலும் அழுத்தம் விழுவது ‘நே’யிலும் ‘மோ’விலும். ‘ஈட்டிங்’, ‘ரன்னிங்’ ஜோடியும் அதே கதைதான். தமிழ் யாப்பில் கடைசி எழுத்து ஒன்றினாலே இயைபு என்று கொள்வோம். அந்தப் பழக்கத்தில் ‘இங்’ என்று முடிவதை எல்லாம் நம்மவர்கள் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள்.

உங்கள் டபுள்-ஓ-டி கட்டத்தில் மூன்று சொல்லுக்கும் மூன்று உயிர். ஃபூட்டுக்கு மூட் (மனநிலை), குட்டுக்கு வுட் (மரம்), பிளட்டுக்கு மட் (சேறு). ஒரே கட்டத்தில் இருக்கிற ஒன்றுக்குக்கூட அங்கே ஜோடி இல்லை.

வாசு_ஆசிரியர்:
விதிவிலக்குகளைப் பொறுக்கி எடுத்து, ஒரே முடிவுள்ள சொற்களின் குடும்பத்தையே கலைக்கிறீர்கள். வைலி, டரல் என்ற இருவர் 1970இல் ஒரு பட்டியல் போட்டார்கள். 37 சொல் முடிவுகளைக் கற்றுக்கொண்டால் தொடக்க வகுப்பில் வரும் ஏறக்குறைய 500 சொற்களைப் பிள்ளை படித்துவிடும். ஏ-டி, ஏ-கே-இ, ஐ-ஜி-எச்-டி எல்லாம் அதில் உண்டு. லைட், நைட், ஃபைட், டைட் என்று நான்கு சொல் வாசித்த பிள்ளை ஐந்தாவதைத் தானாக வாசிக்கும். உங்கள் காதுச் சோதனை அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத் தருமா?

ப்ரூஃப்_கீதா:
அந்த 37 முடிவுகளும் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் தேர்ந்தெடுத்தவை. ஓ-எம்-இயும் ஓ-என்-இயும் அதில் இல்லை. நல்ல குடும்பத்துக்குத் தரும் சலுகையை எல்லாக் குடும்பத்துக்கும் நீட்டக்கூடாது.

ஓ-யூ-ஜி-எச் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோ (இருந்தாலும்), ‘கோ’வோடு சேரும். த்ரூ (ஊடாக), ‘ப்ளூ’வோடு. டஃப் (கடினம்), ‘ஸ்டஃப்’போடு. காஃப் (இருமல்), ‘ஆஃப்’போடு. பௌ (மரக்கிளை), ‘கௌ’ அதாவது பசுவோடு. கடைசி நான்கு எழுத்து ஒன்று, ஒலி ஐந்து. முன்னொரு காலத்தில் அந்த ஜி-எச் தொண்டையில் உரசும் மெய்யாக ஒலித்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஏரியைக் குறிக்கும் ‘லாக்’ சொல்லின் முடிவில் அதை இன்னும் கேட்கலாம். இங்கிலாந்தில் சில சொற்களில் அது உதிர்ந்தது, சிலவற்றில் ‘ஃப்’ ஆனது. அதோடு முன்னால் இருந்த உயிரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. எழுத்து மட்டும் நகரவில்லை.

இதைவிடச் சிக்கல், ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொல் ஒளிந்திருப்பது. பி-ஓ-டபிள்யூ: வில் என்றால் ‘போ’, தலைவணங்கு என்றால் ‘பௌ’. எஸ்-ஓ-டபிள்யூ: விதை என்றால் ‘ஸோ’, பெண் பன்றி என்றால் ‘ஸௌ’. ஆர்-ஓ-டபிள்யூ: வரிசை ‘ரோ’, பிரிட்டிஷ் வழக்கில் சண்டை ‘ரௌ’. டி-இ-ஏ-ஆர்: கண்ணீர் ‘நியர்’ பக்கம், கிழித்தல் ‘வேர்’ (உடுத்து) பக்கம். எல்-இ-ஏ-டி: ஈயம் ‘ரெட்’டோடு, வழிநடத்து ‘நீட்’ (தேவை) சொல்லோடு. டபிள்யூ-ஓ-யூ-என்-டி: காயம் ‘வூண்ட்’, சுற்றினான் ‘வௌண்ட்’. “பி-ஓ-டபிள்யூக்கு ரைம் எழுதுக” என்று வெறும் சொல்லாகக் கேட்டால் ‘கோ’ என்பதும் சரி, ‘கௌ’ என்பதும் சரி. ஒரு வாக்கியமோ படமோ இல்லாமல் அந்தக் கேள்வியைத் திருத்தவே முடியாது. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும், மற்றதை எழுதிய பிள்ளைக்கு அநியாயமாக மார்க் போகும்.

ரொறன்ரோ_சிவா:
செல்வம் அண்ணை, காது என்கிறீர்கள், யாருடைய காது? இங்கே கனடாவில் சி-ஓ-டி (கட்டில்), சி-ஏ-யூ-ஜி-எச்-டி (பிடித்தான்) இரண்டையும் பெரும்பாலானோர் ஒன்றாகவே சொல்லுவார்கள். ‘ஃபாதர்’, ‘பாதர்’ (தொந்தரவு செய்) இங்கே ரைம், லண்டனில் இல்லை. ‘அகெய்ன்’ சிலருக்கு ‘பென்’னோடு, சிலருக்கு ‘பெய்ன்’னோடு. 1835இல் பாஸ்டனில் பதிப்பித்த ஏ-பி-சி பாட்டே ஜி, பி, வி, ‘ஸீ’ என்றுதான் சேரும். ‘இசட்’ என்று சொல்லிக்கொடுத்தால் அந்த வரி தொங்கும். காதுக்கணக்கும் ஊருக்கு ஊர் மாறும்தானே?

காது_செல்வம்:
மாறும். அதனால்தான் பட்டியலின் தலையிலேயே எந்த ஊர் உச்சரிப்பு என்று எழுத வேண்டும். ஆனால் ‘கம்’மும் ‘ஹோம்’மும் எந்த ஊரில் சேருகிறது, சொல்லுங்கள்?

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை, சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு போடுகிற கைடுகள். ‘ரைட்’ என்று போட்டால் அது சரியா, எழுதுவதா, சவாரியா? சரிக்கும் எழுதுவதற்கும் முடிவில் அதிராத ‘ட்’ ஒலி. சவாரியின் முடிவொலி ‘டப்பா’வின் ‘ட’வை நாம் பேச்சில் மெலிக்காமல் அதிர்த்துச் சொல்வதுபோல. தமிழில் இரண்டுக்கும் ‘ட்’தான். விளைவு, ‘ரைட்’ சவாரிக்கு ‘லைட்’ விளக்கு ரைம் என்று பிள்ளை எழுதுகிறது. பெட் (படுக்கை) - செட், குட் - ஃபுட் (பாதம்), எல்லாம் இதே விபத்து. கீதா மேடம் ஈயத்துக்குச் சொன்ன ‘ரெட்’ சிவப்பு, அதையும் யாராவது ‘நெட்’ (வலை) கூடச் சேர்த்துவிடக் கூடும். வகுப்பில் வித்தியாசம் காட்ட எளிய வழி உண்டு. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொரு அடையாளம், சவாரியில் ‘ஐ’ கொஞ்சம் நீளும், சரியில் வெடுக்கென்று நறுக்கிவிடும்.

வாசு_ஆசிரியர்:
அப்படியானால் ஷேக்ஸ்பியரும் பெயிலா? 1609இல் அச்சான சானெட்டுகளில் (பதினான்கு வரிப் பாட்டுகள்) 116ஆவதில் ‘லவ்’வும் ‘ரிமூவ்’வும் ஜோடி. முடிப்பு வரிகளில் ‘ப்ரூவ்ட்’, ‘லவ்ட்’. எழுத்தில் மட்டும் ஒத்துத் தெரிவதற்குக் கண் ரைம் என்று இலக்கணமே ஒரு பெயர் வைத்திருக்கிறதே.

காது_செல்வம்:
இன்றைக்கு அது கண் ரைம். அவர் எழுதியபோது ஒலியிலேயே ஒத்திருக்கும் என்பது பழைய உச்சரிப்பை மீட்டெடுப்பவர்களின் கருத்து. லண்டன் குளோப் அரங்கில் 2004இல் அந்த உச்சரிப்பில் நாடகமே போட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப் ‘டீ’யை ‘ஒபே’ (கீழ்ப்படி) சொல்லோடு சேர்த்தார், ஏனென்றால் அப்போது தேநீருக்கு ‘டே’ என்ற உச்சரிப்பு வழக்கில் இருந்தது. நீங்கள் சொன்ன ஃபூட், குட், பிளட் மூன்றுக்கும்கூட ஆதியில் ஒரே நெடில். பிளட் முதலில் குறுகியது, குட் பிறகு, ஃபூட் குறுகவே இல்லை. பழைய கவிஞர் காதால் கட்டியதை நாம் கண்ணால் பார்த்து விதியாக்குகிறோம்.

ப்ரூஃப்_கீதா:
அதே வொர்க்‌ஷீட்டின் இரண்டாம் பக்கத்தையும் பாருங்கள். பேர் மூன்று தடவை: பி-இ-ஏ-ஆர் பழம், பி-ஏ-ஐ-ஆர் ஜோடி, பி-ஏ-ஆர்-இ தோல் சீவு. கூடவே சன் சூரியன், சன் மகன். இவை ரைம் அல்ல, ஒரே ஒலிச் சொற்கள். முன்மெய் மாறவில்லையே.

ரொறன்ரோ_சிவா:
அது ஆங்கிலத்தின் பிற்கால வழக்கம். பிரெஞ்சுக்காரர் அதைத்தான் செழிப்பான ரைம் என்று மெச்சுவார்கள். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸரும் கேன்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் தேடு, நோயுற்ற என்ற இரண்டு பொருளில் ஒரே ஒலியைக் கொண்டு ஜோடி கட்டியிருக்கிறார்.

ப்ரூஃப்_கீதா:
சாஸர் மூன்றாம் வகுப்புத் தேர்வு எழுதவில்லை. பொருள் வேறு, ஒலி ஒன்று என்பதைத் தனிப் பாடமாக, படத்தோடு நடத்துங்கள். ரைம் பக்கத்தில் கலந்தால் “சன்னுக்கு ரைம் சன்” என்று விடை வரும்.

வாசு_ஆசிரியர்:
சரி, ஆய்வையே கேட்போம். ஆக்ஸ்போர்டின் பிராட்லியும் பிரையன்ட்டும் 1983இல் வெளியிட்டது. ஒலியால் சொற்களைச் சேர்க்கப் பழகிய சிறு பிள்ளைகளில், பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்த குழுதான் வாசிப்பில் அதிகம் முன்னேறியது. வெறும் காது போதவில்லை. எழுத்தும் வேண்டியிருந்தது.

காது_செல்வம்:
அந்தப் பிள்ளைகள் முதலில் ஒலியால் சேர்த்தார்கள், பிறகு அந்த ஒலிக்கு உரிய எழுத்தைத் தொட்டார்கள். உங்கள் தாளில் வரிசை தலைகீழ். படங்களை மட்டும் வையுங்கள்: பந்து, சுவர், மணி. வாயால் சொல்லிச் சேர்க்கட்டும், ‘பால்’, ‘வால்’ ஒரு பக்கம், ‘பெல்’ தனியே. அடுத்த நாள் எழுத்துச் சீட்டு. கம், சம் இரண்டுக்கும் ‘டிரம்’ படத்தைப் பக்கத்தில் வையுங்கள், ஓ-எம்-இயும் யூ-எம்மும் ஒரே ஒலி என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். ‘ஹோம்’முக்கு ‘ஃபோம்’ (நுரை) கொடுங்கள், அதன் எழுத்து ஓ-ஏ-எம்.

வாசு_ஆசிரியர்:
‘ஃபோம்’ நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். தலைப்பை ‘ஒரே முடிவெழுத்துச் சொற்கள்’ என்று மாற்றவும் தயார். கட்டத்தைக் கலைக்க மாட்டேன். கம், ஹோம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான் எழுத்து ஏமாற்றும் என்பதே தெரியும்.

ப்ரூஃப்_கீதா:
அப்படியானால் ‘ரைம் ஆகாததை வட்டமிடு’ என்று கேள்வியைத் திருப்புங்கள், கட்டம் அப்படியே இருக்கட்டும். ஒரு வேண்டுகோள்: கடைசிக் கேள்வியில் ‘ஆரஞ்ச்’சுக்கும் ‘மன்த்’துக்கும் ரைம் கேட்டிருக்கிறார்கள். மாதத்துக்குப் பொருந்தும் சொல் அன்றாட ஆங்கிலத்தில் கிடையாது. ஆரஞ்சுக்கு வேல்ஸில் பிளாரஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிடுங்கள்.