மரினர்ஸ் 2026: உலகத் தொடரை எட்ட இன்னும் என்ன தேவை?

கேள்வி: பியூஜெட் கரைவாசி (2025 டிசம்பர் 20)

நண்பர்களுக்கு வணக்கம். சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணி 2026 சீசனில் உலகத் தொடரை, அதாவது அமெரிக்கப் பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை, எட்ட வேண்டுமானால், இந்தக் குளிர்காலத்தில் அது எந்தக் குறையை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பற்றி உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன். 1977இல் ஆடத் தொடங்கிய இந்த அணி, இன்றுள்ள முப்பது அணிகளில் உலகத் தொடரில் ஒருமுறைகூட ஆடாத ஒரே அணி. 2001இல் 116 ஆட்டங்களை வென்றபோதும் அது கைகூடவில்லை. 2025இல் 90 வெற்றிகளுடன் 24 ஆண்டுகளுக்குப் பிறகு தன் பிரிவில் முதலிடம் பிடித்து, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 3–1 என்று முன்னணியில் இருந்து, கடைசியில் டொரண்டோ புளூ ஜேஸிடம் 4–3 என்று தோற்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

என் கவலை பேட்டிங்கைப் பற்றியது. 26 ஹோம் ரன் (பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்த ஹோர்ஹே பொலான்கோ மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். அரிசோனாவுக்கும் நமக்குமாகச் சேர்த்து 49 ஹோம் ரன் அடித்த யூஹேனியோ சுவாரெஸின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஜாஷ் நெய்லரை ஐந்து ஆண்டுகளுக்கு 92.5 மில்லியன் டாலருக்குத் தக்கவைத்தது நல்ல முடிவுதான் என்றாலும், நம் கேட்சர் கால் ராலேயின் 60 ஹோம் ரன்கள் மறு ஆண்டும் அப்படியே வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எஞ்சிய பணத்தைச் சுவாரெஸுக்கே கொடுப்பதுதான் சரியா?

பதில்: ஆறு இன்னிங்ஸ்

உங்கள் கவலை நியாயமானது; ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கவலை என்பது என் எண்ணம். இந்த அணிக்கு முதலில் தேவைப்படுவது, தொடக்க பிட்சர்கள் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர்கள்) ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உடல் நலத்தோடு இருப்பதும், அவர்களில் ஒருவர் படுத்துக்கொண்டால் அந்த இடத்தில் நிற்க ஆறாவது, ஏழாவது ஆள் தயாராக இருப்பதும்தான். 2025இல் ஜார்ஜ் கிர்பி தோள் வலியால் மே மாதக் கடைசி வாரங்களில்தான் களம் இறங்கினார். லோகன் கில்பர்ட்டும் பிரைஸ் மில்லரும் முழங்கைத் தொல்லையால் வாரக்கணக்கில் வெளியே இருந்தனர். தடுமாறாமல் ஓடியவர்கள் லூயிஸ் காஸ்டியோவும் பிரையன் வூவும்தான். தம் முதல் 25 ஆட்டங்களிலும் ஆறு இன்னிங்ஸுக்குக் குறையாமல் வீசிய வூவும் செப்டம்பர் 19 அன்று மார்புத் தசை இறுகி வெளியேறினார்.

அதன் விலை அக்டோபரில் தெரிந்தது. முந்தைய சுற்றில் டெட்ராய்ட்டுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 15 இன்னிங்ஸ் நீண்டபோது, தொடக்க பிட்சர்களான கில்பர்ட்டும் காஸ்டியோவும் புல்பென்னிலிருந்து (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) வந்து வீச வேண்டியதாயிற்று. அதே கில்பர்ட் மூன்று நாள் கழித்து டொரண்டோவில் தொடக்க பிட்சராக நின்று மூன்று இன்னிங்ஸ்தான் தாக்குப்பிடித்தார். டொரண்டோவுடனான ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த வூ, ஒரு ‘வாக்’கும் (நான்கு தவறான பந்துகளால் பேட்ஸ்மேனுக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) ஒரு ஹிட்டும் கொடுத்தார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டி இரு ஓட்டக்காரர்களையும் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். ஐந்தாவது ஆட்டத்தில் இதே வூவின் பந்து முழங்காலில் பட்டு நொண்டிக்கொண்டு வெளியேறிய டொரண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடுத்து வந்தார். மேலாளர் டான் வில்சன் எட்வர்ட் பசார்டோவை அழைத்தார்; ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடதுபுற இருக்கைகளில் போய் விழுந்து மூன்று ஓட்டம் தந்தது. அந்த நேரத்தில், ஆட்டத்தை முடித்துவைக்கும் நம் பிட்சர் ஆந்த்ரேஸ் முன்யோஸ்தான் வந்திருக்க வேண்டும் என்று வில்சனைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டினேன். ஆனாலும் சீசன் முழுவதும் தொடக்க பிட்சர்கள் விட்ட இன்னிங்ஸையெல்லாம் சுமந்து களைத்த புல்பென்னில் அதற்குமேல் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்?

ஆகவே, வாஷிங்டனிடமிருந்து இடக்கை பிட்சர் ஹோசே ஃபெர்ரரை வாங்கியது, பேப்பரில் சின்னச் செய்தியாகத் தெரிந்தாலும், எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பந்தைத் தரையோடு உருள வைக்கும் வேகமான இடக்கைக்காரர் அவர். இதுவரை புல்பென்னின் இடக்கைக்காரர் கேப் ஸ்பியர் தலையில் விழுந்துகொண்டிருந்த பாரம் இனி இரண்டாகப் பிரியும். சுவாரெஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு, வெளியூரில் நம்பி இறக்கக்கூடிய ஒரு தொடக்க பிட்சரைப் பிடிக்க முடிந்தால் அதுவே எனக்குப் போதும். 2025இல் சொந்த மைதானத்தில் 51 வெற்றி, 30 தோல்வி என்றிருந்த அணி, வெளியே 39 வெற்றி, 42 தோல்வி என்று சறுக்கியதையும் சேர்த்துப் பாருங்கள்.

பதில்: தக்கோமா ரசிகன்

பிட்சிங் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், ஏழாவது ஆட்டத்தை எடுத்தால், அதன் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை விட்டுவிட்டது ஏன்? ஒரே ஓட்டம் பின்தங்கியிருந்த நிலையில் லியோ ரிவாஸ், டொமினிக் கேன்சோன், ஹூலியோ ரோட்ரீகெஸ் ஆகிய மூவரும் டொரண்டோவின் ஜெஃப் ஹாஃப்மனிடம் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆனார்கள். பந்தைக் களத்துக்குள் அனுப்பாமல் எதுவும் நடக்காது. இது நெடுநாள் நோய்.

நம் சொந்த மைதானமான டி-மொபைல் பார்க்கின் இயல்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கடற்காற்றும் குளிரும் சேர்ந்து, மற்ற ஊர்களில் மதிலைத் தாண்டும் பந்துகளை இங்கே ஃபீல்டரின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். லீக்கிலேயே ஓட்டம் எடுக்க மிகக் கடினமான மைதானம் இது. ஹோம் ரன்னை மட்டும் நம்பி இறங்கும் பேட்ஸ்மேன் இங்கே பாதி ஆண்டு மூச்சு முட்டிப் போவார். ஜூலை இறுதியில் வந்த சுவாரெஸ் நமக்காக 0.189 சராசரியில்தான் அடித்தார். டொரண்டோவுக்கு எதிராக ஐந்தாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்க அடிக்கும் நான்கு ஓட்ட ஹோம் ரன்) கண்ணிலேயே நிற்கிறது என்பதற்காக மற்ற ஆட்டங்களை மறந்துவிட முடியாது.

நெய்லரைப் போன்ற இன்னொருவர்தான் வேண்டும். லீக்கில் மிக மெதுவாக ஓடுபவர்களில் ஒருவரான அந்தக் கனத்த மனிதர், நம் அணிக்கு வந்தபின் 19 முறை பேஸ் திருட (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிட) முயன்று 19 முறையும் வென்றார். அவர் கால்களால் திருடுவதில்லை. பிட்சர் தலையைத் திருப்பும் நேரத்தையும் காலைத் தூக்கும் பழக்கத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, யாரும் கவனிக்காதபோது ஒவ்வோர் அடியாக நகர்ந்து, பந்து கையை விடுமுன் பாதித் தூரம் போயிருப்பார். பேட்டிங்கிலும் அதே பொறுமைதான். ஸ்ட்ரைக் அவுட் ஆவது அரிது. பொலான்கோவின் இடத்துக்கு, இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்கத் தெரிந்த, பந்தைத் தவறவிடாத ஒருவரைப் பரிமாற்றத்தில் கொண்டுவருவது நல்லது. அதற்கு இளைஞர் சிலரைக் கொடுக்க நேர்ந்தாலும் கோல்ட் எமர்சனை மட்டும் தரக் கூடாது. நம் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) ஜே.பி. கிராஃபர்டின் ஒப்பந்தம் 2026உடன் முடிகிறது. அதன்பின் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்கப்போவது அந்தப் பையன்தான்.

பியூஜெட் கரைவாசி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மூன்றாம் பேஸைப் பென் வில்லியம்சனிடமும் இரண்டாம் பேஸைக் கோல் யங்கிடமும் விட்டுவிடலாம் என்கிறீர்களா? வில்லியம்சன் 85 ஆட்டங்களில் ஒரே ஒரு ஹோம் ரன்தான் அடித்தார் என்பது என்னை உறுத்துகிறது.

பதில்: தக்கோமா ரசிகன்

இருவரையும் ஒரே நேரத்தில் நம்புவது ஆபத்து, ஒருவரை நம்பலாம். வில்லியம்சனின் கையுறை முதல் தரம், யங்குக்குப் பந்தைத் தேர்ந்தடிக்கும் கண் உண்டு என்றாலும் சீசன் முடிவில் சோர்ந்துபோனார். நான் யங்குக்கு இடம் கொடுத்து, மூன்றாம் பேஸுக்கு வெளியிலிருந்து ஆள் தேடுவேன்.

பதில்: முகமூடிக்காரர்

கேட்சர் பற்றி யாரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. ராலே 2025இல் 159 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் முக்கால் பங்குக்கு மேல், பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்தியிருந்தார். இரவு முழுக்க எழுந்து உட்கார்ந்து, மணிக்கு நூறு மைல் வேகப் பந்துகளை வாங்கி, விரல்களில் அடிபட்டு, அதற்கிடையில் 60 ஹோம் ரன் அடிப்பதை இன்னோர் ஆண்டும் எதிர்பார்ப்பது அவர் உடலுக்குச் செய்யும் அநீதி. ஃபெர்ரரை வாங்குவதற்காக நாம் கொடுத்தது ஹாரி ஃபோர்டை. ராலேக்கு ஓய்வு கொடுக்கக்கூடியவராக வளர்ந்துவந்த கேட்சர் அவர்தான். அந்தப் பரிமாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கேட்சராக வருபவர் வாரத்துக்கு இரண்டு ஆட்டமாவது முழுமையாக நிற்கக்கூடியவராகவும், கிர்பி, வூ போன்றவர்கள் எந்தப் பந்தை எப்போது வீச விரும்புவார்கள் என்பதை மார்ச் மாதப் பயிற்சி முகாமிலேயே அறிந்துகொள்பவராகவும் இருக்க வேண்டும். அந்த நாட்களில் ராலே கையுறை இல்லாமல் பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வரட்டும்.